அமலி சாட்டுக்கு ஷட்டர் போட்ட நாள்

சாவு வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாருக்கும் முதலில் பிடிக்காது. துக்கத்துக்கு வந்த இடத்தில் என்ன கம்ப்யூட்டர் என்று முறைப்பார்கள். கொஞ்ச நேரம் போனால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை என்ன எழுதியிருக்கிறான் என்று தெரிய வேண்டும், அப்போது அவளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அமலி இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுவாள்.

என் பெயர் ஃபாஜில். நீடாமங்கலத்தில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், மாதா கோயில் திருவிழா, சாவு என்று எதுவானாலும் லைவில் காட்டுவோம். கேமரா என் பொறுப்பு, சாட் அமலியின் பொறுப்பு. படத்துக்குப் பக்கத்தில் பார்க்கிறவர்கள் எழுதுவது ஓடிக்கொண்டே இருக்குமே, அதைப் படிப்பதும், வீட்டுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வதும், கண்ட கண்ட அசிங்கத்தை அழிப்பதும், "அண்ணே, கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க, துபாய்க்காரர் அவங்க அம்மாவப் பாக்கணுமாம்" என்று என் காதில் ஓதுவதும் அவள் வேலை.

அவளுடைய கணவன் மன்னார்குடி சாலையில் பைக்கில் போய் அடிபட்டு இறந்தவன். அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. குத்தாலத்தில் மாமியார் வீடு. அடக்கம் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவள் அழவில்லை என்று குத்தாலத்தில் ஒரு பேச்சு உண்டு. அழுதிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு இருந்திருக்கும், ஊர் வாய்க்கு வேறு என்ன வேலை. ஒரு தடவை நானே கேட்டேன்.

"வரலண்ணே" என்றாள். "வரும்னு உக்காந்து பாத்தேன். வரல."

ஆல்பம் ஒட்டுகிற வேலைக்குத்தான் என்னிடம் வந்து சேர்ந்தாள். கொரோனாவில் சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று ஆனபோது ஊரே போனில் சாவு பார்க்க ஆரம்பித்தது. கொரோனா போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் தம்பியை உட்கார வைத்தேன், மூன்றாவது சாவில் அவன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு எழுந்து போய்விட்டான். அமலி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

வருடக்கணக்கில் சாட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது எப்போது ஓடும், எப்போது படுக்கும் என்று அவளுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. நான் நினைத்திருந்தது வேறு. நிறையப் பேர் பார்த்தால் வேகமாக ஓடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆயிரக்கணக்கில் பார்க்கிற தேர்த் திருவிழாவில் சாட் தூங்கி வழியும். ஐம்பது பேர் பார்க்கிற ஒரு காதுகுத்தில் அலறும். தாலி கட்டும் நேரத்தில் ஓடும் என்று நினைப்போம். பூ எமோஜி கொஞ்சம் விழும், அவ்வளவுதான். உண்மையில் அது தலைதெறிக்க ஓடுவது சத்தம் நின்றுபோனால்தான். "சவுண்ட் வரல", "ஆடியோ இல்ல", "ஹலோ", "அண்ணே சவுண்டு" என்று அதுவரை பொணம் மாதிரிக் கிடந்தவனெல்லாம் எழுந்து வந்து எழுதுவான். படம் போனால் இன்னும் மோசம். அதற்கு அடுத்தபடி பந்தி. கேமராவைச் சாப்பாட்டுப் பக்கம் திருப்பினால் போதும், "அது நம்ம வேலங்குடி மாமாதானே, சுகர் இருக்கே, ஏன் ரெண்டாவது ஜாங்கிரி" என்று மெல்போர்னில் இருந்து வரும்.

சாவு வேறு மாதிரி. ஒருவர் "ஆர்.ஐ.பி." என்று போட்டால் வரிசையாக ஆர்.ஐ.பி. ஒருவர் கும்பிடு கை போட்டால் அடுத்தவர் மூன்று கும்பிடு கை. எனக்கு அந்தக் கும்பிடு கையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு விரலைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற துக்கம் அது. அமலிக்குக் கோபமெல்லாம் கிடையாது. யாராவது ஒருவர் உண்மையாகவே நாலு வரி எழுதினால், இறந்தவர் தன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதை எழுதினால், சாட் அப்படியே நின்றுவிடும் என்று காட்டினாள். அதற்குக் கீழே ஆர்.ஐ.பி. போட எல்லோருக்கும் கூச்சம். கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாக ஒருவர் உள்ளே வந்து, மேலே இருப்பதைப் படிக்காமல் ஒரு கும்பிடு கை போடுவார். மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

"இதுல யாரு ரொம்ப வேண்டியவங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டேன்.

"எழுத மாட்டாங்கண்ணே" என்றாள். "பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஒரு எழுத்து போட மாட்டாங்க."

பெட்டியை மூடுகிற விஷயம் அவளால்தான் எங்கள் பக்கத்தில் ஒரு முறையாக வந்தது. ஒரு கிறிஸ்தவர் வீட்டில், கனடாவில் இருந்த மகள் இன்னும் பார்க்க வேண்டும் என்று எழுதியதை அமலி படித்துச் சொல்ல, மூடி தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மகள் சரி என்று எழுதிய பிறகுதான் மூடினார்கள். அது பரவிவிட்டது. இப்போதெல்லாம் முகத்தில் கைக்குட்டை போடும் முன் உபதேசியாரே அமலியைத் திரும்பிப் பார்ப்பார். சாவு வீட்டில் ஜெபம் சொல்லி நடத்தி வைக்கிறவர் அவர். இவள் சாட்டில் பிள்ளையின் பெயரைப் போட்டு "மூடலாமா?" என்று கேட்பாள். நாங்கள் காட்டுவது அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பதில் வர இன்னும் கொஞ்சம். அந்த நேரம் முழுக்க நாலு ஆண்பிள்ளைகள் மூடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பதில் வந்ததும் "சரியாம்" என்பாள். மூடுவார்கள்.

அவள் அப்பா பெரியநாயகசாமி பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்கித் தண்ணீர் விடுகிற வேலை. தண்ணீர் கொஞ்சமாக வருகிற வருடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. முறை வைத்து விட வேண்டும். இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அது. மண்வெட்டியோடு சண்டைக்கு வருகிறவர்களிடம் "உன் முறை முடிஞ்சிருச்சு, போயிட்டு அடுத்த முறைக்கு வா" என்று ஷட்டர் மேலேயே உட்கார்ந்துகொள்வார். கடைமடையில் ஒரு வயல் காய்ந்தாலும் அது தன்மேல் விழுந்த பழி என்று நினைக்கிற ஆள். ரிட்டயர் ஆன பிறகும் மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வருகிற அன்று அவரை வீட்டில் பார்க்க முடியாது.

சாட்டில் ஸ்லோ மோட் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஒருவர் ஒரு தடவை எழுதிய பிறகு, நாம் வைத்த நேரம் போகும்வரை மறுபடி எழுத முடியாது. கூட்டம் அடித்துப் பிடித்து எழுதும்போது அதைப் போட்டால் சாட் நிதானமாகும், முக்கியமானது தப்பாது. அமலி அதைப் போடும்போதெல்லாம் "ஷட்டர இறக்குறேண்ணே" என்பாள். அப்பாவின் முறை வைப்புதான் அது. ஒரு விதிவிலக்கு உண்டு. நிர்வாகி என்று யாரைக் குறித்து வைக்கிறோமோ அவர்களை இது கட்டுப்படுத்தாது. வெளிநாட்டுப் பிள்ளையை முதல் வேலையாக நிர்வாகி ஆக்கிவிடுவாள். மறந்ததே இல்லை.

ஐப்பசி மழையில் பெரியநாயகசாமி இறந்துபோனார். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா முன்னமே போய்விட்டார். அமலியின் தம்பி ஜோஸ்வா கத்தாரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட நிறையவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான்.

அவன் கிளம்பிய அன்றைக்குத்தான் குறுவைக்குத் தண்ணீர் வந்தது. கிழவர் வாய்க்கால் கரைக்குப் போய்விட்டார். மகன் பெட்டியோடு நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போனில் சொல்லிக்கொண்டான். "போயிட்டு வா தம்பி, தண்ணி வந்துருச்சு" என்றாராம். முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று இறந்த செய்தி கேட்டதிலிருந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்பா மொகத்த கிட்டக்க காட்டச் சொல்லு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் மூடாதீங்க."

"சரி" என்றிருக்கிறாள்.

வேறு ஆளை உட்கார வைக்கிறேன், நீ அப்பா பக்கத்தில் இரு என்று அவளிடம் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. "எனக்கு இது தெரியும்ணே, அங்க உக்காந்து என்ன செய்யணும்னுதான் தெரியாது" என்று பந்தலின் ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். பெட்டி கூடத்தில் இருந்தது. பந்தலில் இருந்து பார்த்தால் கூட்டத்தின் முதுகுதான் தெரியும்.

லஸ்கரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. அவரிடம் சண்டை போட்டவர்களின் பிள்ளைகளெல்லாம் இப்போது சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். கேமராவைப் போட்டதும் சாட் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆர்.ஐ.பி.யும் கும்பிடு கையுமாக மேலே போய்க்கொண்டே இருந்தது. தம்பி எழுதினால் இதில் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என்னைப் பார்த்து, "ஷட்டர இறக்குறேண்ணே" என்றாள். இருப்பதிலேயே நீளமான நேரத்தை வைத்தாள், ஐந்து நிமிடம். ஆளுக்கு ஒரு முறை, அப்புறம் ஐந்து நிமிடம் வாயைத் திறக்க முடியாது.

தம்பியை நிர்வாகி ஆக்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மறக்காமல் செய்தவள், தன் வீட்டுச் சாவில் மறந்துவிட்டாள். அன்றைக்கு அவள் கை வேலை செய்தது, ஆள் அங்கே இல்லை. எனக்கு இப்போதுதான் அது புரிகிறது. அப்போது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மழை கறுத்துக்கொண்டு வந்தது. கல்லறைக் குழியில் தண்ணீர் ஊறுகிறது, சீக்கிரம் எடுங்கள் என்று ஆள் வந்து சொன்னான். பாதிரியார் கோயிலில் காத்திருந்தார். நான் பெட்டியருகே போய் முகத்தை நெருக்கமாகக் காட்டினேன். பன்னீர் தெளித்தார்கள். ஆளாளுக்கு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு விலகினார்கள். அந்த நேரம் பார்த்து, சிங்கப்பூரில் இருக்கும் அத்தை, லஸ்கரின் தங்கை, சாட்டில் தன் முறையைச் செலவழித்தார்.

"ஜோஸ்வா தம்பி பாக்குறியாப்பா? சாப்பிட்டியா?"

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அப்பா பெட்டிக்குள் கிடக்கும்போதும் கிடையாது.

"பாக்குறேன் அத்தை" என்று ஜோஸ்வா எழுதினான்.

அவனுடைய முறை அதோடு முடிந்தது.

உபதேசியார் திரும்பி அமலியைப் பார்த்தார். மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் பார்த்தார்கள். அமலி "ஜோஸ்வா, மூடலாமா?" என்று போட்டாள். வழக்கமாகக் காத்திருக்கிற நேரம் போனது. அதைப் போல இன்னொரு மடங்கு போனது. பதில் இல்லை. லேசாகத் தூறல் விழ ஆரம்பித்தது.

அமலியின் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா சொல்றான்?"

"ஒண்ணும் எழுதல சித்தப்பா."

"பாக்குறேன்னு எழுதினான்ல? இன்னும் இருக்கான்ல?"

"இருக்கான்."

"அப்பறம் என்ன?"

அமலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப வேண்டியவர்கள் எழுத மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அத்தனை வருடத்தில் அது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. தம்பிக்கு எழுதக் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"மூடுங்க" என்றாள்.

கைக்குட்டையைப் போட்டு மூடினார்கள். திருகாணியை முறுக்கினார்கள். தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து வண்டியில் வைக்கப் போனார்கள். நான் பின்னாலேயே நடந்தேன். சாட்டில் ஒரு வரி வந்து விழுந்தது.

"அக்கா மூடாத எழுத விட மாட்டேங்குது போன் எடுக்க மாட்டேங்குற இன்னும் பாக்கணும் மூடாத"

அவன் போன் அடித்திருக்கிறான். லைவுக்கு நெட் கொடுக்கிற போனுக்குக் கால் வந்தால் படம் நின்றுவிடும் என்பதால் எல்லாக் காலையும் தடுத்து வைப்போம். அன்றைக்கு அது அமலியின் போன், ஜன்னலில் இருந்தது. சித்தப்பாவுக்கு அடித்திருக்கிறான். கோயிலுக்குப் போகிற அவசரத்தில் அவர் போனைச் சைலண்டில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் எழுதியதும் அந்தந்தப் போனிலேயே கிடந்தது. ஐந்து நிமிடமும் அப்பாவின் முகத்தில் கைக்குட்டை விழுவதையும் திருகாணி இறங்குவதையும் பார்த்துக்கொண்டு, ஒரு எழுத்து எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

அமலி அந்த வரியை வாய்விட்டுப் படிக்கவில்லை. லேப்டாப்பை நாற்காலியில் வைத்துவிட்டு நேரே போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"இறக்குங்க."

"என்னம்மா?" என்றார் சித்தப்பா.

"தொறக்கணும். அவன் இன்னும் பாக்கல."

"ஏய், திருகின பெட்டியத் தொறக்கக் கூடாதுடி. மழ வருது. நீதானே மூடச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன். அவன எழுத விடாம அடைச்சு வச்சதும் நான்தான். தொறங்க."

அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அப்போதும் உயர்த்தவில்லை. உபதேசியார் திருகாணி முறுக்கியவனைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டியைப் பந்தலுக்குள் கொண்டுவந்து ஸ்டூல்மேல் வைத்தார்கள். ஒருவர் குடை பிடித்தார். மூடியை எடுத்தார்கள். கைக்குட்டையை அமலியே எடுத்தாள், ஆனால் கண் லேப்டாப்பில் இருந்தது. ஓடிப்போய் ஸ்லோ மோடை எடுத்துவிட்டாள். இப்போது யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்.

ஒருவரும் எழுதவில்லை. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை குறையவில்லை, கூடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கும்பிடு கைகூட வரவில்லை. நான் முகத்தை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கினேன். நெற்றியில் பன்னீர்த் துளி இருந்தது. தாடையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன நாலு வெள்ளை முடி இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து ஜோஸ்வா எழுதினான்.

"போதும்க்கா. மூடிருங்க."

அமலி படித்துச் சொன்னாள். "போதுமாம்."

மூடியை எடுத்தார்கள். சித்தப்பா கைக்குட்டையை விரித்தார். அமலி நாற்காலியில் இருந்து எழுந்து வந்தாள்.

"இருங்க" என்றாள். "நான் இன்னும் பாக்கல."

காலையில் இருந்து அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. சித்தப்பா கைக்குட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவள் குனிந்தாள். அப்பாவின் தாடையில் இருந்த அந்த வெள்ளை முடியை விரலால் தொட்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. கேமராவைத் தூக்கிப் பந்தலுக்கு வெளியே இருந்த வேப்ப மரத்தின் பக்கம் திருப்பிவிட்டேன்.

பின்னால் நாற்காலியில் இருந்த லேப்டாப்பில் சாட் ஓட ஆரம்பித்தது. "என்னாச்சு", "படம் தெரியல", "பெட்டியக் காட்டுங்க", "கேமரா அண்ணே மரம் தெரியுது", "ஹலோ". ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மேலே போனது. ஷட்டர் போட ஆள் இல்லை. எழுதித் தொலையட்டும் என்று மரத்தையே காட்டிக்கொண்டு நின்றேன்.